கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே

ரவுமா கப்பல் தளம், இரண்டாம் கிடங்கு,
மூன்றாம் ஜன்னல்.
ஜனவரியில் இங்கே ஒன்பதரைக்குத்தான் வானம் வெளுக்கும்.
ஆறு மணிக்கே வரிசை நிற்கும்.
பதினோரு வருடமாக
இந்தச் சதுரத்தின் வழியே
கண்களுக்கு உறை கொடுக்கிறேன்.

பெயிண்ட் அடிக்கும் வெய்க்கோவுக்கு
நாற்புறமும் தோலோடு ஒட்டும் ரப்பர் விளிம்பு.
கரைப்பான் சந்து தேடி வரும் ஜாதி.
வெல்டர் ஆர்மாஸுக்குப் பதினொன்றாம் நம்பர் கறுப்பு.
அவருக்குக் கம்பி பிடித்து நிற்கும் பையன்
"நான் வெல்டிங் செய்யவில்லையே" என்பான்.
வெளிச்சத்துக்கு அது எப்படித் தெரியும்?
இரவு இரண்டு மணிக்கு
இமைக்குள் யாரோ மணலை அள்ளிக் கொட்டியதுபோல்
எழுந்து உட்கார்ந்தபின்
மறுநாள் அவனே முதல் ஆளாக நின்றான்.

அரைக்கும் சக்கரக்காரர்கள்
முகத்திரை ஒன்றே போதும் என்று அடம்பிடிப்பார்கள்.
சக்கரம் நிற்பதற்குள் திரையைத் தூக்குகிற
அந்த அரை விநாடிக்காகத்தான்
உள்ளேயும் ஒன்று மாட்டச் சொல்கிறேன்.
கண்ணை இமை காக்கும் என்று சொன்னவர்
சுற்றும் சக்கரத்தின் முன்னால் நின்றிருக்க மாட்டார்.

இல்மி வந்தது நவம்பரில்.
கையளவு முகம்.
எல்லோருக்கும் தருவதைத் தந்தேன்.
பெட்டியில் முத்திரை இருந்தது, தர எண் இருந்தது,
அவள் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.
மூக்கில் வழுக்குகிறது என்றாள்.
பழகிவிடும் என்றேன்.

பழகவில்லை.
மூன்றாம் வாரம் ஒரு பொறி
கண்ணாடியில் மோதாமல்
கன்னத்தில் பட்டு, மேலே எழும்பி,
கீழிருந்து உள்ளே போனது.
போரி ஆஸ்பத்திரியில் துகளை எடுத்தார்கள்.
அது விட்டுப்போன துரு வளையத்தை
மறுநாள் சுரண்டினார்கள்.
விபத்துப் படிவத்தில் ஒரு கேள்வி:
பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தாரா?
ஆம் என்று எழுதியது நான்தான்.
அந்த ஒரு வார்த்தையைப் போல
வேறெதுவும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

தம்பெரேயிலிருக்கும் விற்பனையாளரை அழைத்தேன்.
"எல்லா முகத்துக்கும் பொருந்தும், ரைலி."
"யார் முகத்தை வைத்து அளந்தீர்கள்?"
அந்தப் பக்கம் யாரோ காப்பி கலக்கும் சத்தம் மட்டும்.

இல்மி திரும்பி வந்த அன்று
ஜன்னலை மூடிவிட்டு அவளை உள்ளே அழைத்தேன்.
மேஜையில் ஏழு பெட்டி.
ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி
கன்னத்துக்கும் விளிம்புக்கும் நடுவே
ஒரு பென்சிலை நுழைத்துப் பார்த்தேன்.
போனது. போனது.
நெற்றிப் பக்கம் போனது.
சிரிக்கச் சொன்னேன், அப்போது போனது.
ஐந்தாவதில் பென்சில் நின்றது.

இருவரும் மூச்சு விட்டோம்.
ஆனால் வெளியே மைனஸ் பதினெட்டு.
தளத்துக்குப் போய்க் கூடத்துக்குள் திரும்பியவள்
வெள்ளைக் குருடாக வாசலில் நின்றாள்.
ஆவி படிந்தால் யாராக இருந்தாலும்
கழற்றித் துடைக்கத்தான் செய்வார்கள்.
கழற்றிய கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன?
ஆறு, ஏழு.
ஒன்று காதுக்குப் பின்னால் கடித்தது.
ஒன்றில் தரை வளைந்து தெரிந்தது.
வெளியே வரிசை ஜன்னலைத் தட்டியது.
தட்டட்டும்.

எட்டாவது, விற்பனையாளர் அனுப்பாத ஒன்று.
ஆய்வகத்துக் காரரிடம் கடன் வாங்கினேன்.
இல்மி வெளியே போனாள்.
கடிகாரம் பார்த்தேன், ஐந்து நிமிடம்.
உள்ளே வந்தாள்.
ஆவி ஒரு விரல் அகலம் ஏறியது,
நின்றது,
யோசித்தது,
இறங்கியது.
அவள் தலையைத் தூக்கி
கூடத்தின் மறுகோடியைப் பார்த்தாள்.
"நாலாம் கிரேனில் எச்சரிக்கைப் பலகை
எழுத்துப் பிழையோடு தொங்குகிறது."

பதினோரு வருடம். நான் கவனித்ததே இல்லை.

பென்சிலை ஒரு நூலில் கட்டி
ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன்.
புதிதாக யார் வந்தாலும் முதலில் அதுதான்.
மற்ற நேரங்களில்
ஆர்மாஸ் அதை இழுத்துவைத்துக்கொண்டு
குறுக்கெழுத்துப் போடுகிறார்.